கடல் கடந்து ஆங்கிலம் பயில ஏற்ற ஊர் எது?

ஒரு கோடைக்காலம் அயல்நாட்டில் தங்கி ஆங்கிலம் பேசப் பழகி வரவேண்டும் என்னும் விருப்பம் இன்று நம் உறுப்பினர் இல்லங்களிலும் எழுந்துள்ளது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கரூரில் நெய்யப்படும் விரிப்புகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றன. ஈரோட்டு மஞ்சள் கடல் கடந்து விலைபோகிறது. வாங்குவோர் எழுதும் கடிதத்திற்கு விடை எழுத வல்லவர் நம்மிடையே பலர் உளர். ஆனால், சாயம் சரியில்லை என்றோ, அளவு குறைந்தது என்றோ அவர் தொலைபேசியில் குறை கூறும்போது தயங்காமல் விடை சொல்ல வல்லவர் சிலரே. பிள்ளைகளேனும் அத்திறமையைப் பெறவேண்டும் என்று பெற்றோர் விரும்புவது இயல்பு.

ஆயின் இத்தகைய பயணம் சிறு செலவன்று. விமானக் கட்டணம், பள்ளிக் கட்டணம், தங்கும் செலவு ஆகியவற்றைக் கூட்டினால், ஒரு நெசவுக் குடும்பமோ வேளாண் குடும்பமோ பல்லாண்டு சேமித்த தொகை நான்கே வாரங்களில் கரைந்துவிடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. ஆகவே எந்த ஊருக்குச் செல்வது என்பதை அவ்வூரின் புகழைக் கொண்டோ, முகவர் காட்டும் வண்ணப் படங்களைக் கொண்டோ முடிவு செய்தல் தகாது. எந்த ஊரில் மாணவர் ஆங்கிலம் பேசியே தீரவேண்டியிருக்கும் என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும்.

ஒரு வாரத்தின் கணக்கு

வாரத்திற்கு 168 மணி நேரம். உறக்கத்திற்கு நாளொன்றுக்கு 8 மணி வீதம் 56 மணி நேரத்தைக் கழித்தால் எஞ்சுவது 112. மொழிப் பள்ளிகளில் பெரும்பாலோர் சேரும் பொது வகுப்பு வாரத்திற்கு 20 பாடங்கள் கொண்டது. ஒரு பாடம் 45 நிமிடமாயின் 20 பாடங்கள் 15 மணி நேரமே ஆகும். எனவே விழித்திருக்கும் 112 மணி நேரத்தில் வகுப்பறைக்கு உரியது 15. ஊருக்கு உரியது 97. நான்கு வாரங்களுக்குக் கணக்கிட்டால் வகுப்பறையில் 60 மணி, வெளியில் 388 மணி.

நெசவாளருக்கு இதனை எளிதில் விளக்கலாம். வகுப்பு பாவு போன்றது. ஊர் ஊடை போன்றது. பாவு எவ்வளவு நேர்த்தியாக ஓடியிருப்பினும் ஊடை இன்றேல் துணி இல்லை. தங்கியிருக்கும் வீட்டில் உணவு வேளைப் பேச்சு, பேருந்து ஓட்டுநரிடம் வழி கேட்டல், கடையில் பொருள் மாற்றிக் கொள்ளுதல், நூலகத்தில் பெயர் பதிதல் ஆகியவை யாவும் பாடங்களே. இந்த 97 மணி நேரத்தையும் தம் மொழி பேசுவோருடனும், கைப்பேசியில் தம் நாட்டுத் திரைப்படங்களுடனும் கழிப்பவர் 15 மணி நேர வகுப்பிற்காகவே அத்தனை பொருளையும் செலவிட்டவர் ஆவார். அவ்வகுப்பை அவர் தம் வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வாயிலாகக் குறைந்த கட்டணத்தில் பெற்றிருக்கக்கூடும்.

நாற்று விட்ட பின்னரே நடவு

ஐரோப்பிய மன்றம் 2001ஆம் ஆண்டில் மொழித் திறனுக்கு ஒரு பொது அளவுகோலை வெளியிட்டது. அதில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உள்ளன. மொழிப் பள்ளிகள் மாணவரை இப்படிகளைக் கொண்டே வகுப்புகளில் சேர்க்கின்றன. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற, ஏறத்தாழ 200 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது தேர்வு நடத்துவோர் கொண்டுள்ள பொதுக் கணக்கு. நான்கு வாரத்து 60 மணி நேரம் அதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆதலால் ஒரு மாதத்தில் ஆங்கிலம் முழுவதும் வந்துவிடும் என்று கூறும் விளம்பரத்தை நம்பலாகாது.

எழுத்து தொடங்கி அனைத்தையும் அங்கே சென்று கற்கலாம் என்று எண்ணுவது, நாற்று விடாமல் நடவுக்கு ஆள் அழைப்பதை ஒக்கும். எளிய வாக்கியங்களைப் புரிந்துகொண்டு, தம்மைப் பற்றியும் தம் தொழிலைப் பற்றியும் சிறிது கூற வல்ல பி1 படியை இங்கேயே எட்டியவருக்குத்தான் அயல்நாட்டு மாதம் முழுப்பயன் தரும். அவரிடம் சொற்கள் உண்டு, கூச்சமே தடை. கூச்சத்தை நீக்குவதற்கு ஊரைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. முதற் படியில் நிற்பவர் இவ்வாண்டுப் பயணத்தை அடுத்த ஆண்டிற்குத் தள்ளி வைத்து, உள்ளூரில் பயில்வதே சிக்கனமான வழி.

கோடை என்பது எந்த மாதம்?

நமக்குக் கோடை சித்திரையும் வைகாசியும். பள்ளி விடுமுறை பெரும்பாலும் மே மாதத்தில் வருகிறது. ஐரோப்பாவில் கோடை என்பது ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்கள். ஸ்பெயின், இத்தாலி முதலிய நாடுகளின் மாணவர் கூட்டங் கூட்டமாக மொழிப் பள்ளிகளுக்கு வருவது ஜூலையிலும் ஆகஸ்டிலுமே. அம்மாதங்களில் கட்டணமும் தங்கும் செலவும் உயரும். வகுப்புகளில் பதின்வயதினர் நிறைந்திருப்பர்.

நம் விடுமுறையாகிய மே மாதம் அங்கு இளவேனிற் காலம். அப்போது கூட்டம் குறைவு. கட்டணமும் பல பள்ளிகளில் குறைவு. வகுப்பில் வயது வந்தோர் மிகுதி. இது நமக்குத் தானாக வாய்த்த நன்மையாகும். குளிர் இருக்கும் என்பது உண்மை. வட இங்கிலாந்தில் மே மாதத்துப் பகல் வெப்பம் 15 பாகையை ஒட்டியே நிற்கும்; கம்பளி ஆடையும் மழையாடையும் வேண்டும். மற்றொன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. இங்கிலாந்தில் மே மாதத்து முதல் திங்கட்கிழமையும் கடைசித் திங்கட்கிழமையும் பொது விடுமுறை நாட்கள். அந்நாட்களின் பாடங்கள் வேறு நாளில் ஈடுசெய்யப்படுமா என்பதை முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

லண்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ்

லண்டனைப் பார்க்க விரும்பாதவர் யார்? ஆயினும் பார்த்தல் வேறு, பயிலுதல் வேறு. ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் முதலிய பகுதிகளில் தமிழ்க் கடைகளும் தமிழர் இல்லங்களும் மிகுந்துள்ளன. உறவினர் வீட்டில் தங்கினால் வாடகை மிச்சம்; ஆனால் காலை இட்லி முதல் இரவு உணவு வரை தமிழிலேயே நாள் கழியும். அன்றியும், நகர் பரந்தது. பள்ளிக்குச் செல்ல ஒரு மணி, திரும்ப ஒரு மணி எனின் வாரத்தில் 10 மணி நேரம் சுரங்க ரயிலிலே போய்விடும். அங்கு அருகில் அமர்ந்திருப்பவரோடு பேசும் வழக்கமும் அரிது. வார இறுதியில் சென்று காணத்தக்க நகரம் லண்டன். தங்கிப் பயில்வதற்குப் பெருஞ்செலவும் பெருங்கவனமும் வேண்டும்.

ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் நடந்தே சுற்றத்தக்க அழகிய ஊர்கள். ஆனால் பெயரால் மயங்குதல் கூடாது. அவ்வூர்களில் உள்ள தனியார் மொழிப் பள்ளிகள் பல, பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை அல்ல. பல்கலைக்கழகக் கல்லூரிகள் சில விடுமுறைக் காலத்தில் தம் அறைகளை வாடகைக்கு விடுவதும் உண்டு. அவ்வறையில் தங்கி ஒரு தனியார் பள்ளியில் படித்தவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் ஆகமாட்டார். ஊர்ப் பெயருக்காகக் கூடுதல் கட்டணம் தருவதனால் மொழியறிவு கூடப் போவதில்லை.

தென்கடற்கரை ஊர்கள்

பிரைட்டன், ஈஸ்ட்போர்ன், ஹேஸ்டிங்ஸ், போர்ன்மத் ஆகியவை இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ளன. மொழிப் பள்ளிகள் இங்கு நெடுங்காலமாக நடந்து வருகின்றன. அயல்நாட்டு மாணவரை வீட்டில் ஏற்றுக் காலையுணவும் இரவு உணவும் அளிக்கும் குடும்பங்கள் இவ்வூர்களில் மிகுதி. கூச்சமுடைய பிள்ளைகளுக்கு இத்தகைய குடும்பமே நல்ல பள்ளி. பிரைட்டனிலிருந்து லண்டனுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணமே. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் இக்கடற்கரையில் ஆங்கிலத்தைவிடப் பிற மொழிகளே உரக்க ஒலிக்கக் கேட்கலாம். மே மாதத்தில் அக்குறை பெரிதில்லை.

மான்செஸ்டர்

நம் உறுப்பினர்களுக்கு இந்நகரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் பொருந்தும். ஒரு காலத்தில் உலகின் பருத்தி வாணிகத்திற்கே தலைநகராக விளங்கியது மான்செஸ்டர். 1852ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்குக் கட்டணமில்லா நூலகம் திறந்த நகரம் இது. 1934இல் திறக்கப்பட்ட வட்ட வடிவான மைய நூலகத்தில் எவரும் சென்று அமர்ந்து படிக்கலாம். தங்கும் செலவு லண்டனைவிடக் குறைவு. மழை அடிக்கடி பெய்யும்.

இங்கிருந்து டிராம் வண்டியிலேயே ராச்டேல் நகருக்குச் செல்லலாம். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், அவ்வூரின் டோட் லேன் தெருவில், 28 பவுன் முதலீட்டுடன் தொழிலாளர் சிலர் ஒரு சிறு கடை திறந்தனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே அன்று அவர்கள் விற்ற சரக்குகள். கலப்படம் இல்லாத பொருள், சரியான நிறை, வாங்கியதற்கு ஏற்ப இலாபப் பங்கு என்னும் அவர்தம் நெறிகளே இன்று நம் சங்கங்களும் பின்பற்றுபவை. அக்கடை இருந்த இல்லம் இப்போது அருங்காட்சியகம். கூட்டுறவுச் சங்கத்தார் வீட்டுப் பிள்ளை ஒருவர் அங்கு சென்று, காட்சிப் பொருள்களை விளக்குவோரிடம், எங்கள் ஊரிலும் சங்கம் உண்டு என்று தொடங்கினால் பேச்சுக்குப் பஞ்சமே இராது. தமக்குத் தெரிந்த பொருளைப் பற்றிப் பேசும்போது மொழி தானே வரும்.

மான்செஸ்டருக்கு வடக்கே டார்வென் என்னும் ஊர் உள்ளது. 1931ஆம் ஆண்டு செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டிற்காகச் சென்றிருந்த காந்தியடிகள், அயல்துணி மறுப்பினால் துன்புற்ற ஆலைத் தொழிலாளரை நேரில் கண்டு பேச அங்கு சென்றார். அவர்களும் அவரை அன்புடன் வரவேற்றனர். தறியைச் சார்ந்து வாழும் நமக்கு இவ்வட்டாரம் அந்நியமன்று.

எடின்பரோ

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோ நடந்தே அறியத்தக்க நகரம். 1947 முதல் ஆகஸ்டு மாதத்தில் இங்குக் கலைவிழா நடைபெற்று வருகிறது. அம்மாதத்தில் தங்க இடம் கிடைப்பது அரிது. கிடைப்பினும் வாடகை பன்மடங்கு. மே மாதமே ஏற்றது. மாலை ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால் வகுப்பு முடிந்த பின்னும் ஊரைச் சுற்றி மக்களோடு பழக நேரம் கிடைக்கும்.

அயர்லாந்தும் மால்ட்டாவும்

பிரிட்டன் 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னர், அவ்வொன்றியத்துள் ஆங்கிலம் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாடுகள் அயர்லாந்தும் மால்ட்டாவுமே.

அயர்லாந்து மக்கள் அயலாரோடு உரையாடுவதில் விருப்பமுடையவர் என்று பெயர் பெற்றவர்கள். டப்ளின் நகரில் வீட்டு நெருக்கடி மிகுந்து வாடகை உயர்ந்துள்ளது. கார்க், கால்வே ஆகிய சிறு நகரங்கள் பயில்வோருக்கு மேலும் ஏற்றவை. பால் உற்பத்தியாளர் குடும்பத்தினர் கார்க் நகரை எண்ணிப் பார்க்கலாம். ஒரு காலத்தில் வெண்ணெய் வாணிகத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த அந்நகரில் வெண்ணெய்க்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. அயர்லாந்தின் முதற் கூட்டுறவுப் பாலேட்டுத் தொழிற்கூடம், லிமெரிக் மாவட்டத்து டிரம்காலர் என்னும் சிற்றூரில் 1889இல் தொடங்கியது. ஹோரஸ் பிளங்கெட் என்பார் அவ்வியக்கத்தை நாடெங்கும் பரப்பினார்.

மால்ட்டா 316 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள தீவு நாடு. 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. மால்ட்டீசு மொழியும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகள். ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் பகுதிகளில் மொழிப் பள்ளிகள் பல உள்ளன. செலவு லண்டனைவிடக் குறைவு. ஆனால் இரண்டு குறிப்புகள் தேவை. ஊர் மக்கள் தம்முள் பேசுவது அரபு மொழிக்கு உறவான மால்ட்டீசு. நம்மோடு பேசும்போதே ஆங்கிலம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமையாகும். பயில வருவோரைவிடக் கடலாட வருவோரே மிகுதி. கட்டுப்பாடு உள்ளவருக்கு மால்ட்டா மலிவான நல்ல இடம்; விளையாட்டு மனம் உடையவருக்கு அன்று.

உச்சரிப்பைப் பற்றிய அச்சம்

லண்டனை விட்டு வேறிடம் சென்றால் உச்சரிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் உளர். மான்செஸ்டரில் பஸ் என்பதைப் புஸ் என்றும், கப் என்பதைக் குப் என்றும் கேட்பது போல் தோன்றும். அது ஒரு வாரத்தில் செவிக்குப் பழகிவிடும். ஸ்காட்லாந்தினர் ரகரத்தை அழுத்தி ஒலிப்பர். அயர்லாந்தினர் பலர் தேங்க்ஸ் என்னும் சொல்லின் முதலொலியை நம் தகரம் போலவே ஒலிப்பர். இவை நமக்கு இடர் தருவன அல்ல. மேலும், நம் சரக்கை வாங்குவோரில் ஜெர்மானியரும் ஜப்பானியரும் உளர். அவர்களும் ஆங்கிலத்தைக் கற்றுப் பேசுபவர்களே. வகுப்பில் உடன் பயிலும் பிரேசில் நாட்டவரோடும் ஜப்பானியரோடும் பேசிப் பழகுவது, பின்னாளில் நடக்கவிருக்கும் வாணிகப் பேச்சிற்கு நேரான பயிற்சியாகும்.

பணம் கட்டுவதற்கு முன்

2014, 2015 ஆண்டுகளில் அயர்லாந்தில் தனியார் மொழிப் பள்ளிகள் பல திடீரென மூடப்பட்டன. முன்பணம் கட்டிய அயல்நாட்டு மாணவர் ஆயிரக்கணக்கில் தவித்தனர். அதன் பின்னரே அந்நாட்டு அரசு விதிகளை இறுக்கியது. எனவே முழுத் தொகையையும் கட்டுமுன் பின்வருவனவற்றை எழுத்து மூலம் கேட்டு விடை பெறுதல் வேண்டும்.

1. பள்ளி அங்கீகாரம் பெற்றதா? பிரிட்டனில் பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலை எவரும் பார்க்கலாம்.

2. ஒரு பாடம் எத்தனை நிமிடம்? 45 நிமிடப் பாடம் 20 எனின் 15 மணி. 60 நிமிடப் பாடம் 20 எனின் 20 மணி. கட்டணத்தைப் பாட எண்ணிக்கையால் வகுக்காமல் மணியால் வகுத்து ஒப்பிடுக.

3. நாம் செல்லும் வாரங்களில் எந்தெந்த நாட்டு மாணவர் எத்தனை பேர்? ஒரு வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர்?

4. தங்கும் வீடு பள்ளியிலிருந்து எவ்வளவு தொலைவு? நம் மொழி பேசும் மற்றொரு மாணவர் அவ்வீட்டில் இல்லாதபடி செய்யக்கூடுமா? மரக்கறி உணவு கிடைக்குமா?

5. விசா மறுக்கப்பட்டாலோ பள்ளி மூடப்பட்டாலோ எவ்வளவு பணம் திரும்பும்?

6. பதிவுக் கட்டணம், நூற்கட்டணம், விமான நிலைய வண்டி, இன்சூரன்ஸ் ஆகியவை கூறிய தொகையில் அடங்கினவா?

விசா விதிகள் மாறக்கூடியவை. அந்தந்த நாட்டு அரசின் அறிவிப்பையே நம்புக. பிரிட்டனில் பார்வையாளர் விசாவில் ஆறு மாதம் வரை அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிலலாம். வேலை செய்தல் கூடாது. அயர்லாந்துக்குக் குறுகிய காலத் தங்கலுக்கு 90 நாள் வரையும், மால்ட்டா சேர்ந்துள்ள ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரையும் விசா உண்டு. அங்கு சென்று வேலை செய்து செலவை ஈடுகட்டலாம் என்று எவரேனும் ஆசை காட்டினால், அவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

ஊரைத் தெரிந்தெடுத்தல்

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். கூச்சமுடைய மாணவர் ஒருவருக்குத் தென்கடற்கரை ஊரில் ஒரு நல்ல குடும்பம். நெசவையும் கூட்டுறவையும் அறிந்தவருக்கு மான்செஸ்டர். பால், பயிர்த் தொழிலைச் சார்ந்தவருக்குக் கார்க். கைப்பொருள் குறைந்து மனக்கட்டுப்பாடு மிகுந்தவருக்கு மே மாதத்து மால்ட்டா. இன்னும் பி1 படியை எட்டாதவருக்குச் சொந்த ஊர். எவ்வூராயினும், தம் தொழிலைப் பற்றிக் கேட்கவும் சொல்லவும் ஆட்கள் உள்ள ஊரே பயன் தரும் ஊர்.

கடன் வாங்கிச் செல்வதை எவருக்கும் நாம் பரிந்துரைக்க இயலாது. தறிக்கும் நிலத்திற்கும் வாங்கும் கடனை அவற்றின் வருவாய் அடைத்துவிடும். நான்கு வாரப் பயிற்சியின் பயன் அத்துணை விரைவில் காசாக மாறாது. சேமிப்பு போதாதெனின் ஓராண்டு பொறுத்தல் நன்று.

ராச்டேல் முன்னோடிகள் தம் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். கடையின் மேல்மாடத்தில் நூல்களும் செய்தித்தாள்களும் வைத்தனர். ஒருவர் கற்றது அனைவருக்கும் பயன்படவேண்டும் என்பதே அவர்தம் எண்ணம். அயல்நாடு சென்று திரும்பும் நம் இளைஞரும் வாரத்தில் ஒரு மாலை, சங்க அலுவலகத்தில் அமர்ந்து, ஏற்றுமதிக் கடிதங்களைக் கவனிக்கும் எழுத்தர்களோடு ஆங்கிலத்திலேயே ஒரு மணி நேரம் உரையாடுவாராயின், ஒரு குடும்பத்தின் செலவு பத்துப் பேருக்குப் பயனாகும். பேசாமல் விட்ட மொழி சில திங்களில் மங்கிவிடுமாதலால், அவருக்கும் அதுவே காப்பு.